இருநூத்திப் பதினஞ்சாவது மனு

பாண்டிமீனா: ...மொதல்ல தலையத் துவட்டுங்க சார். ஜாதகம் எங்கயும் ஓடிப் போயிறாது.

வந்தவர்: பரவாயில்லம்மா, நான் இப்படியே...

பாண்டிமீனா: என்ன பரவாயில்ல? பேன்ட்டுல சொட்டுற தண்ணி தரையெல்லாம் ஓடுது. கம்ப்யூட்டர் வயரு கீழதான் கெடக்கு. உங்களுக்கும் ஷாக்கு, அதுக்கும் ஷாக்கு. இந்தாங்க துண்டு. கைலியும் இருக்கு, உள்ள போயி மாத்திட்டு வாங்க.

வந்தவர்: கைலியா! யாரோடது?

பாண்டிமீனா: எங்கப்பாவோடது. துவைச்சதுதான். மழை நாள்ல எங்க ஊருக்கு வாரவுக யாரும் காஞ்சு வந்ததில்ல சார். அதான் ஒண்ணு தயாரா வச்சிருக்கேன்.

வந்தவர்: ...ம்... இப்பச் சரியா?

பாண்டிமீனா: மேல முழுக்கைச் சட்டை, கீழ கட்டம் போட்ட கைலி. மாப்பிள்ளை மாதிரி இருக்கீக.

வந்தவர்: எனக்கு அம்பத்தி ஆறு வயசும்மா.

பாண்டிமீனா: அதுனால என்ன, உக்காருங்க. ஓடையில எம்புட்டு வந்துச்சு தண்ணி?

வந்தவர்: முட்டிக்கு மேல. நடுவுல ஒரு பள்ளம் கெடக்கு பாரு, அதுல கால விட்டேன்... இடுப்பு வரைக்கும் போயிட்டேன். ஒரு செருப்பு அங்கேயே போச்சு.

பாண்டிமீனா: ஒண்ணுதான போச்சு? அதிர்ஷ்டக்காரர் சார் நீங்க.

வந்தவர்: ஏம்மா, வேப்படிப்பட்டிக்கு இந்தக் கிழக்குப் பாதைய விட்டா, ஓடையத் தாண்டாம வேற வழியே இல்லியா?

பாண்டிமீனா: இருக்கே. அழகர்கோவில் ரோட்டுல போயி மலைப்பக்கமா சுத்தி வரணும். பத்து கிலோமீட்டர். மழை பெஞ்சா அதுவும் சேறு. மாட்டுக்கே நடக்கப் பிடிக்காது. சரி சொல்லுங்க, யாருக்கு ஜாதகம்?

வந்தவர்: என் மகளுக்கு. பேரு வித்யாஸ்ரீ.

பாண்டிமீனா: வித்...யா...ஸ்ரீ. அப்பா பேரு?

வந்தவர்: அப்பா பேரு... வந்து... நாகசுப்பிரமணியன்.

பாண்டிமீனா: அவங்க அப்பா நீங்கதான சார்?

வந்தவர்: ஆமா.

பாண்டிமீனா: சொந்தப் பேரச் சொல்ல இம்புட்டு யோசனையா!

வந்தவர்: குளிர்ல நாக்கு வரலம்மா...

பாண்டிமீனா: சரி சரி. பொறந்த தேதி?

வந்தவர்: எண்பத்தி ரெண்டு, ஆகஸ்ட்டு... பதினேழு. இல்ல, பதினெட்டு.

பாண்டிமீனா: நேரம்?

வந்தவர்: காலையில.

பாண்டிமீனா: காலையிலன்னா?

வந்தவர்: சாயங்காலம்னு நெனைக்கிறேன்.

பாண்டிமீனா: சார்! நீங்க குடுக்குற கணக்குக்கு கம்ப்யூட்டர் ஒரு பிள்ளைக்கு நாலு மாப்பிள்ளை சொல்லும்.

வந்தவர்: ஹம்சவேணிக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரம்மா. இரு, செல்லுல கேக்குறேன்... என்ன, டவரே இல்ல?

பாண்டிமீனா: பிள்ளையார் கோயில் மேடையில ஏறி, கம்பியப் பிடிச்சுக்கிட்டு மேக்க பாத்து நின்னா ஒரு கோடு வரும். மழையில வேணாம், வழுக்கும். நேரத்த அப்புறமாப் போட்டுக்கிருவோம். வரக்காப்பி குடிங்க. சீனியா, கருப்பட்டியா?

வந்தவர்: கருப்பட்டி. ...ஆமா, வாசல்ல கிராம இன்டர்நெட் மையம்னு போர்டு இருக்கே. செல்லுக்கே டவர் இல்லாத ஊர்ல இன்டர்நெட் எப்படி?

பாண்டிமீனா: வெளிய பனமரத்துக்கும் மேல ஒரு கம்பம் நிக்கிது பாத்தீகளா, அது உச்சியில ஏரியல் இருக்கு. அது வழியா வருது. ரெண்டாயிரத்தி மூணுல அரசாங்கத் திட்டத்துல வச்சுக் குடுத்தாக. ரெண்டு வருசத் திட்டம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பேட்டரி, நானு.

வந்தவர்: ரெண்டு வருசம்னா... முடியப் போகுதே.

பாண்டிமீனா: மார்ச்சோட முடியுது. மேல நடத்தணுமா, அடைக்கணுமான்னு டவுன் ஆபீஸ்ல முடிவு பண்ணுவாகளாம். ஒங்களுக்கு எதுக்கு சார் அந்தக் கதையெல்லாம்?

வந்தவர்: சும்மா கேட்டேன். ஜாதகம் போக வேற என்ன செய்வ?

பாண்டிமீனா: வயல்ல நோய் விழுந்தா இலையப் போட்டோ எடுத்து விவசாயக் காலேஜுக்கு அனுப்புவேன். பரீட்சை ரிசல்ட்டு பாத்துச் சொல்வேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்கு எழுதிப் போடுவேன். அம்புட்டுக்கும் மேல மனு. ரோடு இல்ல, விளக்கு எரியல, வாத்தியார் வரலன்னு வந்து சொல்வாக. நான் அடிச்சு டவுன் ஆபீஸ் மனுப் பிரிவுக்கு அனுப்பிருவேன்.

வந்தவர்: அவங்க சொல்றத நீ சரி பண்ணி எழுதுவியா?

பாண்டிமீனா: மாட்டேன். சொல்றத சொன்னபடிதான் அடிப்பேன்.

வந்தவர்: அதான... "எங்க வாத்தியாரு ஒரு நாளைக்கு வாராரு, ரெண்டு நாளைக்கு வாரதில்ல, மூணாம் நாளு வந்து தூங்குறாரு..."

பாண்டிமீனா: என்ன சார் சொன்னீக?

வந்தவர்: இல்ல... பொதுவா எல்லா ஊர்லயும் இப்படித்தான... மனுன்னா...

பாண்டிமீனா: ம். பொதுவா.

வந்தவர்: காப்பி நல்லா இருக்கும்மா.

பாண்டிமீனா: நான் ஒண்ணு கேக்கவா? உங்களுக்கு எந்த ஊரு?

வந்தவர்: மதுரை. பழங்காநத்தம்.

பாண்டிமீனா: பழங்காநத்தத்துல முக்குக்கு முக்கு பிரவுசிங் சென்டர் இருக்கு. எல்லாத்துலயும் ஜாதகம் போடுவாக. அதையெல்லாம் விட்டுட்டு ரெண்டு பஸ்ஸு மாறி, ஓடையில இறங்கி, ஒரு செருப்பையும் ஓடைக்குக் குடுத்துட்டு எங்கிட்ட வந்திருக்கீக.

வந்தவர்: அது... கள்ளழகரைக் கும்பிட வந்தேன். வந்த இடத்துல, உன்னோட ஜாதகம் ரொம்பச் சரியா இருக்கும்னு சொன்னாங்க.

பாண்டிமீனா: யாரு சொன்னா?

வந்தவர்: கோயில்ல ஒருத்தர்...

கருப்பு: மீனா... ஏத்தா மீனா! கதவத் தெற. மலை மேல மழை இறங்கிருச்சு, இன்னும் ஒரு மணி நேரத்துல ஓடையில பெருந்தண்ணி வந்துரும். அடடே... யாரு இது, நம்ம ஊரு கைலியக் கட்டிக்கிட்டு?

பாண்டிமீனா: வாங்க சித்தப்பா. இவுக மதுரைக்காரவுக. ஜாதகம் பாக்க வந்திருக்காக. சார், இது எங்க சித்தப்பா. கருப்பு.

வந்தவர்: கருப்பா! நீங்கதானா?

கருப்பு: நாந்தான். ஏன், வேற யாரும் கருப்புன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறானா?

வந்தவர்: இல்ல இல்ல. உக்காருங்க.

கருப்பு: உக்கார நேரமில்ல. ஆத்தா, பதில் வந்துச்சா?

பாண்டிமீனா: வரல சித்தப்பா. 'பெற்றுக்கொண்டோம், உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்'னு மட்டும் வந்திருக்கு.

கருப்பு: அது போன தடவையும் வந்துச்சே. அந்த உரிய பிரிவு எங்கத்தா இருக்கு? நடந்தாவது போயிருவேன்.

பாண்டிமீனா: கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சா எனக்குச் சொல்லாதா?

கருப்பு: சரி, இன்னொண்ணு அடி. எத்தனாவது இது?

பாண்டிமீனா: பாலத்துக்கு மட்டும் பதினோராவது. ஊரு மொத்தத்துக்கும் போன வாரத்தோட இருநூத்திப் பதினாலு.

வந்தவர்: அண்ணே, நான் இருக்கேன்னு நெனைக்காதீங்க. நீங்க சொல்லுங்க, அது அடிக்கட்டும். கேக்க ஆசையா இருக்கு.

கருப்பு: இதுல கேக்க என்ன இருக்கு, கச்சேரியா? சரி அடித்தா. "ஐயா அவர்களுக்கு. கருப்பு எழுதுறது. போன மனுவுல சொன்ன அதே பாலம்தான். அது எங்கயும் போகல. ஏன்னா இன்னும் வரல."

வந்தவர்: ஹா... ஹா...

கருப்பு: என்ன சார் சிரிக்கிறீக?

வந்தவர்: இல்லண்ணே, நீங்க சொல்லுங்க.

கருப்பு: "இந்த ஐப்பசியில பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஒம்பது நாளு போகல. பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைக மூணு பேரு. போன மாசம் என்னோட தக்காளி ரெண்டு கூடை ஓடையோட போயிருச்சு, வெல கேக்காமலே. நாங்க பெரிய பாலம் கேக்கல. கப்பலு போற பாலம் வேணாம். ஒரு கட்டில் போற பாலம் போதும்." அம்புட்டுத்தான். இப்படிக்குன்னு போட்டு என் பேரப் போடு.

வந்தவர்: பேரனப் பத்தி எழுதலியா?

கருப்பு: பேரனா?

வந்தவர்: செல்லக்கிளி மகன். ஓடைக்கரையில... கட்டில் மேல பொறந்தானே. பேரு வச்சாச்சா? ...என்னம்மா, ஏன் ரெண்டு பேரும் அப்படிப் பாக்குறீங்க?

பாண்டிமீனா: செல்லக்கிளி பேர நாங்க யாரும் சொல்லவே இல்லியே சார்.

கருப்பு: யாருய்யா நீரு?

வந்தவர்: அண்ணே, கோவப்படாதீங்க...

கருப்பு: கைலியக் கழட்டிக் குடுத்துட்டுப் பேசும்!

பாண்டிமீனா: சித்தப்பா, சும்மா இருங்க! பாவம், பேன்ட்டு இன்னும் காயல.

ராஜகுரு: சொல்லிடுறேன். என் பேரு ராஜகுரு. நாகசுப்பிரமணியன் எங்க அப்பா பேரு. டவுன் ஆபீஸ்ல மனுப் பிரிவு சூப்பரின்டென்ட்டு நான்தான். நீ அனுப்புற மனு ஒவ்வொண்ணும் என் டேபிளுக்குத்தான்மா வரும்.

பாண்டிமீனா: அப்ப... யாராவது படிக்கிறாகளா அத?

ராஜகுரு: நான் படிக்கிறேன். காலையில ஆபீஸ் போனதும் மொதல்ல வேப்படிப்பட்டி மனு வந்திருக்கான்னுதான் பாப்பேன். வீட்ல போயி ஹம்சாகிட்ட சொல்வேன், இன்னைக்கு கருப்பு என்ன எழுதியிருக்கார் தெரியுமான்னு. அந்தப் பிறப்புச் சான்றிதழ் மனு வந்த அன்னைக்கு ரெண்டு பேரும் சாப்பிடல.

கருப்பு: எது?

ராஜகுரு: கம்ப்யூட்டர் ஃபாரத்துல, பிறந்த இடம்னு கேட்டு ரெண்டே கட்டம்தான் இருக்கும். ஆஸ்பத்திரி, வீடு. ஏதாவது ஒண்ணுல டிக் அடிக்கணும். இந்தப் பொண்ணு ரெண்டையும் விட்டுட்டு, குறிப்புல 'ஓடைக்கரை, கயித்துக் கட்டில் மேல, ஆஸ்பத்திரிக்குப் போற வழியில'ன்னு அடிச்சிருந்துச்சு.

பாண்டிமீனா: அதத் திருப்பி அனுப்பினது நீங்கதானா? 'வீடு எனத் திருத்தி அனுப்பவும்'னு?

ராஜகுரு: அது வேற செக்‌ஷன்மா. என்னால முடிஞ்சது அந்தத் தாளுக்குக் கீழ என் கையெழுத்தப் போடாம இருந்ததுதான்.

கருப்பு: ஓடை எங்க வீடுன்னு எழுதணுமாக்கும்! நல்ல கதையா இருக்கே. எம்மக கட்டில்ல துடிக்கிறா, இங்கிட்டு நாலு பேரு அங்கிட்டு நாலு பேரு, நடு ஓடையில தண்ணி நெஞ்சு மட்டும். அக்கரையில கட்டில இறக்குறோம், பய கத்திட்டான். தண்ணி சத்தத்த விடப் பெருசா கத்தினான் சார்.

ராஜகுரு: நல்லா இருக்கானா?

கருப்பு: இருக்கானாவா? முகேஷ்னு பேரு. குளிப்பாட்டினா மட்டும் அழ மாட்டான். தண்ணியப் பாத்தா அவனுக்குப் பழகின ஆளு மாதிரி.

ராஜகுரு: நல்லா இருக்கட்டும்.

பாண்டிமீனா: சார், இம்புட்டும் படிச்சிருக்கீக. பாலத்து மனு பத்து வந்துச்சுல்ல. ஏன் ஒரு ஆளுகூட வந்து பாக்கல?

ராஜகுரு: நான் படிச்சு, குறிப்பு எழுதி, அடுத்த செக்‌ஷனுக்கு அனுப்புவேன். அங்க போயிப் படுத்துரும். எழுப்பி விடுவேன், திரும்பிப் படுத்துக்கும். மனுன்னா ஃபைல் போகும்மா. ஆள் போகணும்னு ரூல் இல்ல.

கருப்பு: பெறகு எப்படி வந்தீரு இன்னைக்கு?

ராஜகுரு: அதான் சொல்ல வந்தேன்... சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு. மீனா மேல ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு.

கருப்பு: எது!

ராஜகுரு: புகார் வந்தா கண்டிப்பா ஒரு ஆள் நேர்ல போயி, சொல்லாமக் கொள்ளாமப் பாத்து, பதினஞ்சு நாளுக்குள்ள ரிப்போர்ட்டு குடுக்கணும். அது ரூல். வேற யாரையும் அனுப்ப எனக்கு மனசு வரல. அதான் ஜாதகம்னு பொய் சொல்லிக்கிட்டு நானே வந்தேன்.

பாண்டிமீனா: அப்ப மனுன்னா வர மாட்டீக, புகார்னா வருவீக.

ராஜகுரு: ...அப்படித்தாம்மா இருக்கு.

கருப்பு: என்ன எழுதியிருக்கான் அந்தப் பய? படிங்க சார்!

ராஜகுரு: வேணாம்ணே...

பாண்டிமீனா: படிங்க சார். நானும் தெரிஞ்சுக்கிறணும்ல.

ராஜகுரு: "வேப்படிப்பட்டி இன்டர்நெட் மையத்தில் இருக்கும் பாண்டிமீனா என்பவர், ஊரில் இல்லாத குறைகளையெல்லாம் இருப்பதாக ஜோடித்து மனு அனுப்பி அரசாங்கத்தை ஏமாற்றி வருகிறார். கருப்பு என்று ஒரு ஆளே கிடையாது..."

கருப்பு: டேய்!

ராஜகுரு: "...ஓடை என்று ஒன்று இந்த ஊரில் இல்லவே இல்லை."

கருப்பு: ஓடையே இல்லியா? அப்ப சாரு இடுப்பு மட்டும் நனஞ்சுட்டு வந்தாரே, அது என்ன, பன்னீரா?

ராஜகுரு: ஹா... ஹா... அதத்தான்ணே நானும் நெனச்சேன், பள்ளத்துல விழுந்தப்ப.

கருப்பு: சிரிக்காதீரு சார்! எனக்கு ஆளத் தெரியும். காசிமாயன். தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதிக் குடுக்குறவன். இவ வந்ததும் நம்ம ஊருக் கிராக்கி அவனுக்குப் போச்சு. அந்த வயித்தெரிச்சல். ஓடையில தண்ணி வத்தட்டும், போயி அவன் பேனாவ ஒடிக்கிறேனா இல்லியான்னு பாரு.

பாண்டிமீனா: ஐயோ சித்தப்பா, அவுக இல்ல!

கருப்பு: உனக்கெப்படித் தெரியும்?

பாண்டிமீனா: அவுக... அவுக நல்லவுக. போன மாசங்கூட எங்கிட்ட வந்து இமெயில் எப்படிப் போடுறதுன்னு படிச்சுட்டுப் போனாக. அவுக கையெழுத்து முத்து முத்தா இருக்கும். இது... சார் கையில இருக்குறதப் பாருங்க, கோழி கெளறின மாதிரி இருக்கு. அவுக மேல சந்தேகமே படாதீக. யாரையும் கேக்காதீக. சத்தியம் பண்ணுங்க.

கருப்பு: பாத்தீகளா சார், எம்புட்டு நல்ல மனசு. இவ மேலயா புகார்? பிளஸ் டூ படிச்சுட்டு ரெண்டு வருசம் நடவுக்குப் போனா சார். கம்ப்யூட்டர் வகுப்புக்கு தெனமும் ஓடையத் தாண்டி, பஸ்ஸப் பிடிச்சு மதுரைக்குப் போவா. மாத்துச் சேலைய பாலித்தீன் பையில வச்சுக்கிட்டு.

பாண்டிமீனா: அதெல்லாம் எதுக்கு சித்தப்பா...

ராஜகுரு: அடைச்சிட்டா என்ன பண்ணுவ மீனா?

பாண்டிமீனா: நடவுக்குத்தான். கை மறந்திருக்காது. ஆனா ஊரு மறுபடி ஊமையாப் போயிரும் சார். அதுதான் யோசனை.

ராஜகுரு: அடைக்க விட மாட்டேன். ரிப்போர்ட்டு நான்தான் எழுதணும். ஆனா ஒண்ணு... ஓடை இருக்குன்னு நான் வாயால சொன்னாப் பத்தாது. ஆதாரம் வேணும்.

பாண்டிமீனா: இலைய போட்டோ எடுக்குற கேமரா இருக்கு சார்.

கருப்பு: அப்புறம் என்ன? எந்திரிங்க. தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. கயிறு எடுத்துட்டு வாரேன். இன்னொருக்கா இறங்குங்க.

ராஜகுரு: மறுபடியுமா!

பாண்டிமீனா: குடைய எடுத்துக்கங்க. அந்தக் கடுதாசி ஃபைலயும் கையில வச்சுக்கங்க, அப்பத்தான் ஆபீசர்னு தெரியும்.

*

கருப்பு: ...கயித்த விடாதீங்க சார்! இடது கால அந்தக் கல்லுல வைங்க. அது வழுக்காது.

ராஜகுரு: வழுக்குதே!

கருப்பு: அப்ப அது அந்தக் கல்லு இல்ல.

பாண்டிமீனா: சார், இன்னும் ரெண்டு அடி உள்ள போங்க. இப்ப தொடை வரைக்கும்தான் தெரியுது.

ராஜகுரு: போதும்மா! எனக்கு நீச்சல் தெரியாது!

கருப்பு: நான் பிடிச்சிருக்கேன்ல. எங்க போயிருவீரு? போனாலும் எங்க கம்மாய்க்குத்தான் போவீரு.

பாண்டிமீனா: அப்படியே நில்லுங்க. ஃபைலத் தூக்கிப் பிடிங்க. சார்... சிரிக்காதீக! வெள்ளத்துல நிக்கிறவரு சிரிச்சா யாரு நம்புவா?

ராஜகுரு: முப்பது வருசமா நாற்காலியில உக்காந்து இந்த மாதிரி மனுவுக்குக் குறிப்பு எழுதுறேன்மா... இன்னைக்குத்தான் ஒரு மனுவுக்குள்ள நிக்கிறேன். சிரிப்பும் வருது, என்னென்னமோ வருது...

பாண்டிமீனா: ஆங், இப்ப மூஞ்சி சரியா இருக்கு. அசையாதீக. எடுத்துட்டேன்!

ராஜகுரு: கைலி... அண்ணே, கைலி போகுது!

கருப்பு: ஒரு கையால அதப் பிடிங்க, இன்னொரு கையால என்னையப் பிடிங்க. ஃபைல என்கிட்ட குடுங்க. அரசாங்கத்த நான் பாத்துக்கிறேன்.

*

பாண்டிமீனா: ...படம் ஏறிருச்சு. மெதுவாத்தான் போகும், மழை பெய்யுதுல்ல. ரிப்போர்ட்டு சொல்லுங்க சார், அடிக்கிறேன்.

ராஜகுரு: எழுதிக்க. "பொருள்: மேற்படி புகார் தொடர்பாக நேரில் களஆய்வு மேற்கொண்டதில், சம்பந்தப்பட்ட கிராமத்திற்கும் பிரதான சாலைக்கும் இடையே நீர்வழித்தடம் ஒன்று அமையப்பெற்றுள்ளதாக அறியவருவதோடு..."

பாண்டிமீனா: சார்.

ராஜகுரு: என்ன?

பாண்டிமீனா: இப்படி எழுதினா அடுத்த செக்‌ஷன்ல படுத்துரும்னு நீங்கதான சொன்னீக?

கருப்பு: உம்ம வீட்டம்மாகிட்ட எப்படிச் சொல்வீரோ, அப்படிச் சொல்லும்.

ராஜகுரு: அப்ப இது ரிப்போர்ட்டா இருக்காதே.

பாண்டிமீனா: மனுவா இருக்கட்டும். எங்க பட்டியல்ல சேத்துக்கிறேன். மனு நம்பர் இருநூத்திப் பதினஞ்சு. மனுதாரர் பேரு?

கருப்பு: ஏத்தா, இருநூத்திப் பதினஞ்சு என்னோடதுல்ல? இப்பத்தான சொன்னேன்.

பாண்டிமீனா: நீங்க பதினாறு. விருந்தாளிக்கு விட்டுக் குடுங்க சித்தப்பா. சொல்லுங்க சார்.

ராஜகுரு: ராஜகுரு.

பாண்டிமீனா: உண்மையான பேரா?

ராஜகுரு: உண்மையான பேருதாம்மா!

பாண்டிமீனா: குறை என்ன?

ராஜகுரு: "ஐயா, ஓடை இருக்கு. நான் அதுல ரெண்டு தடவை இறங்கினேன். மொதல் தடவ ஒரு செருப்பு போச்சு, ரெண்டாம் தடவ இன்னொண்ணு. கருப்புன்னு ஒரு ஆள் இருக்கார். அவர் கயிறு பிடிக்கலேன்னா இந்த மனுவ எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இந்த ஊர்ப் பிள்ளைங்க இதத் தாண்டித்தான் படிக்கப் போகுது. இதுக்கு நடுவுலதான் ஒரு குழந்தையத் தூக்கிட்டுப் போனாங்க, வயித்துக்குள்ள வச்சு. இந்தப் பொண்ணு அனுப்பின மனுவுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல. பொய்யா இருந்திருந்தா நான் நனையாம வீட்டுக்குப் போயிருப்பேன்..." என்னம்மா, ஏன் நிறுத்திட்ட?

பாண்டிமீனா: ஒண்ணுமில்ல சார். கீபோர்டுல... எழுத்து சரியாத் தெரியல.

கருப்பு: கண்ணத் தொடச்சுட்டு அடித்தா. சார், நீங்க மேல சொல்லுங்க. நல்லா வருது உங்களுக்கு.

*

ராஜகுரு: ...பஸ்ஸு பாலத்து மேல ஏறுறப்ப கண்ண மூடிக்கிட்டேம்மா. பழக்கம், கால் தானா மேல தூக்குது.

பாண்டிமீனா: வாங்க சார், வாங்க! புதுச் செருப்பு போல?

ராஜகுரு: ரெண்டும் சேந்து ஊருக்குள்ள வந்துருச்சு பாத்தியா. கருப்பு அண்ணே எங்க?

பாண்டிமீனா: பாலத்துலதான். திறந்து மூணு நாளாச்சு, காலையில ஒருக்கா சாயந்தரம் ஒருக்கா பேரனத் தூக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறாரு. வேலை ஒண்ணுமில்ல, சும்மா. ஆடி மாசக் காத்துல, ஓடையில சொட்டுத் தண்ணி இல்ல. எதுக்கு இம்புட்டுப் பெரிய பாலம்னு வெளியூருக்காரவுக கேக்குறாக சார்!

ராஜகுரு: ஐப்பசியில வந்து கேக்கச் சொல்லு. எல்லாம் உன் போட்டோ பண்ணின வேலை. மேலதிகாரி அதப் பாத்துட்டு, இது யாரு கைலியிலன்னு கேட்டாராம். நம்ம சூப்பரின்டென்ட்டுதான் சார்னு சொன்னதும், எந்திரிச்சு நின்னுக்கிட்டே மனுவப் படிச்சாராம். இப்ப ரூலையே மாத்திட்டாங்க. ஒரே ஊர்ல இருந்து ஒரே குறை மூணு தடவ கம்ப்யூட்டர்ல வந்தா, ஆள் நேர்ல போகணும். கம்ப்யூட்டரே சிவப்புல காட்டும்.

பாண்டிமீனா: நெசமாவா!

ராஜகுரு: இன்னும் இருக்கு. பிறப்புச் சான்றிதழ் ஃபாரத்துல மூணாவது கட்டம் போட்டாச்சு. 'பிற இடம், குறிப்பிடுக.' முகேஷோட சான்றிதழக் கையோட கொண்டாந்திருக்கேன். ஓடைக்கரைன்னே போட்டிருக்கு பாரு. இது உன் மையத்துக்கு ஆர்டர். மார்ச்சுக்கப்புறம் மாசா மாசம் நீட்டிச்சது போதும், இன்னும் மூணு வருசம்.

பாண்டிமீனா: சார்...

ராஜகுரு: அழாத. கம்ப்யூட்டர் வயரு கீழதான் கெடக்கு.

பாண்டிமீனா: போங்க சார்! காப்பி போடுறேன். கருப்பட்டிதான?

ராஜகுரு: இரு, இரு. ஒரு வேலை பாக்கி இருக்கு. அந்த மொட்டைக் கடுதாசி ஃபைல இன்னைக்கு மூடணும். எழுதினவர் யாருன்னு தெரியலன்னு எழுதிட்டேன். காசிமாயனப் பாத்தேன், அவர் இல்ல. நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்.

பாண்டிமீனா: அப்புறம் என்ன சார், மூடிருங்க.

ராஜகுரு: அன்னைக்கு உங்க ரெண்டு பேருகிட்டயும் கடைசி வரிய நான் படிச்சுக் காட்டல. இப்ப படிக்கிறேன், கேளு. "விசாரிக்க வரும் அதிகாரி, நல்ல மழை நாளாகப் பார்த்து, கிழக்குப் பாதை வழியாக நடந்து வந்தால் உண்மையைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். மாற்று உடை கொண்டுவரத் தேவையில்லை." முப்பது வருசமா மொட்டைக் கடுதாசி படிக்கிறேன் மீனா. வர்ற ஆளோட துணியப் பத்திக் கவலப்பட்ட மொட்டைக் கடுதாசி இது ஒண்ணுதான். ஃபைல இதோ மூடுறேன், இனிமே யார் கேட்டாலும் வாயத் திறக்க மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லு... யாரும்மா எழுதினது?

பாண்டிமீனா: ஊருக்காக இருநூத்திப் பதினாலு மனு போட்டுப் பாத்தேன் சார், ஒருத்தரும் வரல. என் மேலயே ஒரு புகார் போட்டேன்... ஒம்பதாம் நாளு நீங்க வந்துட்டீக.